எண்ணெய் வடியும் முகமும் வெள்ளை பூக்கும் கால்களும்: எந்த மூலப்பொருளைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: கோச்சடை வாசகி

அனைவருக்கும் வணக்கம். மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு ஜவுளிக் கடையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், வயது 32. காலையில் கடைக்குள் நுழைந்தால் இரவு கடை அடைக்கும்வரை ஏ.சி. காற்றில்தான் இருக்கிறேன். வீட்டில் குளிக்கவும் முகம் கழுவவும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். மாநகராட்சிக் குழாயில் வரும் நல்ல தண்ணீரைச் சமையலுக்கும் குடிப்பதற்கும் மட்டும் பிடித்து வைக்கிறோம்.

என் முகத்தில் நெற்றியும் மூக்கும் மதியத்துக்குள் எண்ணெய் வடியத் தொடங்கிவிடுகின்றன. ஆனால் அதே முகம், கழுவித் துடைத்த சற்று நேரத்தில் இழுத்துப் பிடிக்கிறது. கன்னத்தில் முன்பு இல்லாத மெல்லிய கோடுகள் தெரிகின்றன. பவுடர் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கிறது. கால்களின் நிலை வேறு. ஆடிக் காற்று வீசத் தொடங்கியதிலிருந்து முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை பூத்து, நகத்தால் லேசாகக் கீறினாலே கோடு விழுகிறது. இரவில் அரிக்கவும் செய்கிறது.

உடன் வேலை பார்க்கும் தோழி ஹயலுரானிக் அமிலம் உள்ள சீரம் ஒன்றைப் பரிந்துரைத்தாள். பூசியவுடன் நன்றாக இருக்கிறது, ஏ.சி.யில் உட்கார்ந்த பிறகு முன்பைவிட அதிகமாக இழுக்கிறது. அம்மா தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார். அழகுசாதனக் கடையில் செராமைடு வாங்கச் சொல்கிறார்கள். கிளிசரின், யூரியா, நியாசினமைடு என்று ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சொல்கிறார்கள். இவற்றில் எனக்கு எது தேவை, எது தேவையில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? முகத்துக்கும் காலுக்கும் ஒரே பொருள் போதுமா? விலையுயர்ந்த பலவற்றை வாங்கி அடுக்க எனக்கு வசதியில்லை. இரண்டு அல்லது மூன்று பொருள்களுக்குள் முடிந்தால் நல்லது.

பதில் 1: மேலூர் மருந்தாளுநர்

சகோதரி, உங்கள் முகத்துக்கும் கால்களுக்கும் உள்ள குறை ஒன்றல்ல. அதனால்தான் ஒவ்வொருவர் சொல்வதும் பாதி பொருந்துவதாகவும் பாதி பொருந்தாததாகவும் உங்களுக்குத் தோன்றுகிறது. எந்தப் பெயரை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன்னால், எங்கே எண்ணெய் குறைகிறது, எங்கே நீர் குறைகிறது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்ச் சுரப்பிகள் நெற்றியிலும் மூக்கிலும் நெருக்கமாக இருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே மிகவும் குறைவு. ஆகவே கால்களில் இருப்பது எண்ணெய்ப் பசை இல்லாத உலர்ந்த தோல். முகத்தில் எண்ணெய்க்குக் குறைவில்லை, மேல்தோலில் தங்க வேண்டிய நீர்தான் தங்கவில்லை. எண்ணெய் வடிகிற முகத்துக்கு நீர்ச்சத்துக் குறைவு வராது என்று நினைத்துப் பலர் இன்னும் கடுமையான ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவுகிறார்கள். கழுவக் கழுவ இழுப்பு கூடுகிறது.

மேல்தோலின் வெளி அடுக்கை ஓட்டுக் கூரையாக நினைத்துக்கொள்ளுங்கள். தட்டையான செல்கள் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க, இடுக்குகளைக் கொழுப்புப் பொருள்கள் பூசி அடைக்கின்றன. இந்தக் கூரைதான் தோலின் அரண். அந்தக் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்டிரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். செல்களுக்குள்ளே அமினோ அமிலங்கள், பி.சி.ஏ. (பைரோலிடோன் கார்பாக்ஸிலிக் அமிலம்), லாக்டேட், யூரியா ஆகியவை சேர்ந்து நீரைப் பிடித்து வைக்கின்றன. சோப்பும் நீண்ட நேரக் குளியலும் உள்ளே இருக்கும் இந்தப் பொருள்களைக் கரைத்து வெளியேற்றுகின்றன. இடுக்கிலுள்ள கொழுப்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. அதற்குமேல் ஏ.சி. காற்று, அதற்குமேல் ஆடிக் காற்று. நாம் பூசும் பொருள்களில் சில உள்ளே நீரைப் பிடிக்கின்றன, சில இடுக்கை நிரப்புகின்றன, சில மேலே மூடுகின்றன. ஒரு பொருள் இந்த மூன்றில் எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஹயலுரானிக் அமிலம் முதல் வகை. நீரைப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. பிடித்த நீரை வெளியே போகாமல் தடுக்க அதனால் முடியாது. சுற்றியுள்ள காற்று உலர்ந்திருக்கும்போது, மேலே வேறு எதுவும் பூசாமல் அதை மட்டும் விட்டால், அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடுகிறது, பூசிய இடம் இறுகுகிறது. உங்களுக்கு நடப்பது அநேகமாக இதுதான். சீரத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. முகம் ஈரமாக இருக்கும்போதே பூசி, அது காய்வதற்குள் அதன்மேல் ஒரு கிரீமைப் பூசுங்கள். தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு நீரைப் பிடிக்கும் என்று விளம்பரத்தில் வரும் எண்ணைப் பார்த்து அதை வாங்கியிருந்தால், அந்த எண் உங்கள் கன்னத்தில் நடப்பதைச் சொல்வதில்லை என்று மட்டும் நினைவில் வையுங்கள்.

இதே வேலைக்கு என் முதல் தேர்வு கிளிசரின்தான். விலை குறைவு, பல காலமாகப் பயன்பாட்டில் இருப்பது, பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்வது. சிறிய மூலக்கூறு என்பதால் மேல்தோலுக்குள் இறங்கவும் செய்யும். மருந்துக் கடையில் கிடைக்கும் கெட்டியான கிளிசரினை அப்படியே முகத்தில் தடவ வேண்டாம். பிசுபிசுக்கும், தூசி ஒட்டும், சிலருக்கு எரியவும் செய்யும். பன்னீரில் கலந்து வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆனால் அப்படிக் கலந்து பாட்டிலில் வாரக்கணக்கில் வைத்திருந்தால் அதில் நுண்ணுயிர்கள் வளரும். கிளிசரின் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கிரீமை வாங்குவதே எளிது.

யூரியா உங்கள் கால்களுக்கு ஏற்றது. 5 முதல் 10 சதவீதம் வரை உள்ள யூரியா ஈரத்தைப் பிடிக்கிறது. 20 சதவீதத்துக்கு மேல் போனால் தடித்த தோலை இளக்கி உரிக்கத் தொடங்கும் என்பதால், அந்த அளவு குதிகால் போன்ற இடங்களுக்குத்தான். வெடித்த அல்லது சொறிந்து புண்ணான இடத்தில் யூரியா பட்டால் எரியும். அந்த இடம் ஆறும்வரை வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும். உங்கள் முகத்துக்கு யூரியா இப்போது வேண்டாம்.

செராமைடு இரண்டாம் வகை, இடுக்கை நிரப்புவது. கடைக்காரர் சொன்னது தவறான ஆலோசனையல்ல. ஆனால் செராமைடு தனியாக இருப்பதைவிடக் கொலஸ்டிராலும் கொழுப்பு அமிலமும் உடன் சேர்ந்திருக்கும் கிரீமில் அதன் பயன் கூடுதல். நியாசினமைடு வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறது: தோல் தானே செராமைடு உற்பத்தி செய்வதைக் கூட்டுகிறது. 2 முதல் 5 சதவீதம் போதுமானது. இப்போது கடைகளில் 10 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்கள். ஏற்கெனவே அரண் பழுதுபட்டிருக்கும் முகத்தில் அந்த அளவு சிவப்பையும் எரிச்சலையும் தரக்கூடும், அளவு கூடினால் பலனும் அதே கணக்கில் கூடும் என்பதில்லை.

மூடும் பொருள்களில் பெட்ரோலியம் ஜெல்லிக்கு இணை இல்லை. தோலிலிருந்து நீர் ஆவியாவதை அதைவிட நன்றாகத் தடுக்கும் பூச்சு நம் கைக்கு எட்டும் விலையில் வேறு கிடையாது. எண்ணெய் வடிகிற உங்கள் நெற்றிக்கு அது கனமாக இருக்கும். முகத்துக்கு டைமெதிக்கோன் அல்லது ஸ்குவாலேன் உள்ள இலேசான லோஷன் பொருந்தும்.

இனி லேபிள். மூலப்பொருள்களை எடை குறையும் வரிசையில்தான் எழுத வேண்டும்; 1 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். எனவே ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பெயரைத் தேடுங்கள். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் அந்தப் பொருள் 1 சதவீதத்துக்கு மேல் அனுமதிக்கப்படுவதில்லை. அதற்குப் பின்னால் வருபவை எல்லாம் மிகச் சிறிய அளவில்தான் இருக்கின்றன என்று கொள்ளலாம். கிளிசரினும் நியாசினமைடும் யூரியாவும் அதற்குப் பின்னால் இருந்தால், அட்டையில் பெயர் போடுவதற்காகச் சேர்த்தது என்று நான் முடிவு செய்துவிடுவேன். செராமைடும், ஹயலுரானிக் அமிலத்தின் உப்பான சோடியம் ஹயலுரனேட்டும் பின்னால் இருப்பது குறையல்ல, அவை சிறிய அளவிலேயே வேலை செய்பவை. சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால் என்ற பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம்; அவை மென்மை தரும் மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள். வரிசையின் முன்பகுதியில், சட்டென ஆவியாகித் தோலை உலர்த்தும் ‘ஆல்கஹால் டிநேட்’ (Alcohol Denat.) என்று இருந்தால்தான் தள்ளி வைக்க வேண்டும். வாசனைப் பொருள் சேர்ந்ததையும், எலுமிச்சை, புதினா எண்ணெய்கள் சேர்ந்ததையும் தோல் தேறும்வரை தவிர்ப்பது நல்லது.

பதில் 2: ஆண்டிபட்டி ஆசிரியை

தங்கை, மேலே சொன்னவை எல்லாம் பூசுவதைப் பற்றியவை. நான் கழுவுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்றிலும் வயலில் வேலை செய்கிற பெண்களின் கை கால்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வெடித்துப் போவதில்லை. எந்தத் தண்ணீரில், எதைத் தேய்த்துக் குளிக்கிறார்கள் என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

உப்புத் தண்ணீர் குழாயின் வாயைப் பாருங்கள், வெள்ளையாகக் கட்டி தட்டியிருக்கும். வாளியின் உள்விளிம்பிலும் அதே வெள்ளை வளையம் இருக்கும். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத படிவாக மாறிவிடுவதால்தான் சோப்பு நுரைப்பதில்லை. நுரை வரவில்லையே என்று நாம் இன்னும் கொஞ்சம் தேய்க்கிறோம். அந்தப் படிவு உடம்பில் தங்குகிறது, அலசினாலும் முழுவதும் போவதில்லை. தோலின் இயல்பான பி.எச். (அமில, காரத்தன்மையைக் காட்டும் எண்) ஏறத்தாழ 5, சோப்பு 9-க்கும் 10-க்கும் இடையில். உறையில் 76 சதவீதம் டி.எஃப்.எம். (சோப்பிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருள்), முதல் தரம் என்று அச்சிட்ட சோப்பு 60 சதவீதமுள்ள மூன்றாம் தரத்தைவிட மேலானதுதான், ஆனாலும் அதுவும் காரத்தன்மை உள்ள சோப்பே. சின்டெட் என்று சொல்லப்படும் சோப்பல்லாத கட்டி இப்போது மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. உப்புத் தண்ணீரிலும் அது படிவு விடுவதில்லை. அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போட்டு, கைகால்களுக்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும். பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் இரண்டு சொம்பு மிச்சம் பிடித்து, கடைசியாக முகத்தை அதில் அலசிக்கொள்ளுங்கள். செலவில்லாத காரியம் இது, எந்தச் சீரத்துக்கும் முன்னால் செய்ய வேண்டியது.

அம்மா சொல்லும் தேங்காய் எண்ணெயைத் தள்ளிவிட வேண்டாம். 2004-இல் வெளியான ஒரு பிலிப்பைன்ஸ் ஆய்வில், உலர்ந்த கால்களுக்கு இரண்டு வாரம் தேங்காய் எண்ணெயையும் கனிம எண்ணெயையும் பூசிப் பார்த்தபோது இரண்டும் ஒன்றுக்கொன்று குறையாத பலனைக் கொடுத்தன. எண்ணெயில் நீர் இல்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. காய்ந்த காலில் தேய்த்தால் பளபளப்புதான் மிஞ்சும். குளித்தவுடன், துண்டால் ஒற்றி எடுத்து ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். எண்ணெய்க் குளியலில் நல்லெண்ணெய் தேய்த்து ஊறவைத்த பிறகு சீயக்காயை உடம்பு முழுவதும் போட்டு எண்ணெயை ஒரு சொட்டுகூட இல்லாமல் கழற்றிவிடுகிற பழக்கம் இருக்கிறதே, உலர்ந்த தோல் உள்ளவர்கள் அதைத் தலையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆலிவ் எண்ணெய் உயர்ந்தது என்று எண்ணி வாங்குபவர்களுக்கு ஒரு செய்தி: அதை நாள்தோறும் பூசியவர்களின் தோலில் அரண் பலவீனமடைந்ததையும், சூரியகாந்தி எண்ணெய் பூசிய இடத்தில் அப்படி ஆகவில்லை என்பதையும் 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

பதில் 3: திருநகர் வாசகர்

ஆசிரியை அம்மா சொல்வதைக் கால்களைப் பொறுத்தவரை ஏற்கிறேன். ஆனால் எண்ணெய் வடிகிற முகத்தில் தேங்காய் எண்ணெய் பலருக்குத் துவாரங்களை அடைத்துப் பருக்களை வரவழைக்கும். கேள்வி கேட்டவருக்கு நெற்றியில் எண்ணெய் இருக்கிறது என்பதால் முகத்துக்கு அது வேண்டாம். இன்னொன்று, அடுத்த பதிலில் யாராவது நலங்கு மாவைச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: பாசிப்பயற்றை நைசாக அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, தேய்க்காமல் குழைத்துப் பூசிக் கழுவினால் பாதகமில்லை. கொரகொரப்பாக இருக்கும் மாவைப் பீர்க்கங்காய் நாரோடு சேர்த்துத் தேய்ப்பது, வெள்ளை பூத்த காலில் ஏற்கெனவே உரிந்து நிற்கும் தோலைக் கிழிப்பதாகும். எலுமிச்சைச் சாற்றைக் கலக்கவே கூடாது.

பதில் 4: மதுரைச் செவிலியர்

நான் தோல் நோய்ப் பிரிவில் பணியாற்றியவள். மூலப்பொருளைத் தேர்ந்தெடுப்பது பற்றி மேலே சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. தேர்ந்தெடுக்கவே கூடாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முகம் இழுக்கிறது, அரிக்கிறது, கறுக்கிறது என்று கடையில் சொன்னால், சில இடங்களில் ஒரு சிறிய டியூபை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பூசிய இரண்டொரு நாளில் முகம் வழவழவென்று ஆகிவிடுவதால், அக்கம்பக்கத்தில் உள்ளவர்களுக்கும் அதன் பெயர் பரவுகிறது. டியூபின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் ஒரு குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும்போது அது நல்ல மருந்து. மாய்ஸ்சரைசருக்குப் பதிலாக மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவப்பு நூலாகத் தெரிந்து, பருவும் ரோமமும் கூடி, நிறுத்திய சில நாளில் முகம் நெருப்பாய் எரியும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச்-இல் கொண்டுவந்ததற்குக் காரணமும் இந்தப் பாதிப்புதான். கடைக்காரர் எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும், டியூபின் பெயரைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

அடுத்து, எல்லா வறட்சியும் கிரீமால் தீருகிற வறட்சியல்ல. தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்குத் தோல் காய்ந்து, முடி கொட்டி, உடம்பு பருத்து, சோர்வும் குளிர் தாங்காமையும் சேர்ந்து வரும். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றிலும் தோல் வறளும். பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உதடும் முகமும் காய்வது எதிர்பார்க்கக்கூடியதே. சிறு வயதிலிருந்தே கெண்டைக்கால் மீன் செதிலாக இருந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் அப்படி இருந்தால் அது பரம்பரையாக வரும் தோல் நிலை. சகோதரி, உங்களுக்கு இரவில் அரிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல முறையில் பூசத் தொடங்கிச் சில வாரங்களாகியும் அரிப்பு நிற்காவிட்டால், அல்லது வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரிக்கத் தொடங்கினால், அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் சொறி நோயாகவும் (ஸ்கேபீஸ்) இருக்கலாம். அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள்.

கோச்சடை வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. குழாயின் வாயில் உள்ள வெள்ளைக் கட்டியை இதுவரை குழாயின் குறையாகத்தான் பார்த்திருந்தேன். அரிப்பு எனக்கு மட்டும்தான், அதுவும் காலில் மட்டும்தான். தைராய்டு பரிசோதனை சென்ற ஆண்டு செய்தபோது சரியாக இருந்தது.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம் உள்ளன. மருந்தாளுநர் ஐயா, காலையிலும் இரவிலும் எதை, எந்த வரிசையில் பூசுவது என்று சொல்ல முடியுமா? கடையில் இருக்கும்போது இடையில் இழுத்தால் என்ன செய்வது? நிறைய தண்ணீர் குடித்தால் தோலின் நீர்ச்சத்து கூடும் என்கிறார்களே, அது சரியா? இரண்டாவது, அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு ஆழமாக இருக்கிறது. எனக்கு வாங்கும் யூரியா கிரீமையே அவருக்கும் போடலாமா?

பதில் 5: மேலூர் மருந்தாளுநர்

முதலில் அம்மாவின் கால். சர்க்கரை நோயாளியின் குதிகால் வெடிப்பைத் தோல் அழகின் கணக்கில் சேர்க்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் வெடிப்பு வழியாகக் கிருமி இறங்கினால், வலி தெரியாமலே புண் பெரிதாகிவிடும். வெடிப்பில் இரத்தக் கசிவு, சிவப்பு, நீர் வடிதல், நாற்றம் இவற்றில் எது இருந்தாலும் எதையும் பூசாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவை இல்லாமல் தோல் தடித்து, வெறும் கோடுகளாக மட்டும் வெடித்திருந்தால், அவரது மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, 10 சதவீத யூரியா கிரீமை இரவில் குதிகாலில் பூசலாம். விரல் இடுக்குகளில் பூச வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். தடித்த தோலைப் பிளேடால் சீவுவதும், காலாணிக்கு விற்கும் சாலிசிலிக் அமிலப் பட்டைகளை ஒட்டுவதும் இவருக்கு ஆகவே ஆகாது. பூசிய பிறகு பருத்திக் காலுறை போட்டுவிடுங்கள். வழவழப்பான பாதத்தோடு டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும். எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ ஊறிய துணி சீக்கிரம் தீப்பற்றும் என்பதால் அந்தக் காலுறையோடும் சேலையோடும் அடுப்பருகே நிற்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நாள்தோறும் நீங்களே வெளிச்சத்தில் அவருடைய உள்ளங்காலைப் பார்ப்பது எந்தக் கிரீமைவிடவும் முக்கியம்.

இனி உங்களுக்கு. காலையில் முகத்தை வெறும் தண்ணீரில் அலசினால் போதும். ஈரத்தோடு, கிளிசரினும் நியாசினமைடும் உள்ள இலேசான லோஷனைப் பூசுங்கள்; கையில் இருக்கும் சீரம் தீரும்வரை அதற்குக் கீழே அதையும் பூசிக்கொள்ளலாம், தீர்ந்தபின் மீண்டும் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. அதன்மேல் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன். பூசியவுடன் காற்றாய்க் காய்ந்துவிடும் ஜெல் வகைகளில் பலவற்றில் ஆல்கஹால் முன்வரிசையில் இருக்கும் என்பதால் கிரீம் வகையைப் பாருங்கள். இரவில் சோப்பல்லாத கட்டியால் ஒருமுறை கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, செராமைடு உள்ள கிரீம். கன்னம் அதிகம் இழுக்கும் இரவுகளில் மட்டும், கன்னத்தின் மேல் பெட்ரோலியம் ஜெல்லியை மிளகளவு எடுத்து மெல்லியதாக ஒற்றிவிடுங்கள், நெற்றியிலும் மூக்கிலும் வேண்டாம். கால்களுக்குக் குளித்தவுடன் 5 அல்லது 10 சதவீத யூரியா லோஷன். அதன்மேல் அம்மாவின் தேங்காய் எண்ணெயையே மூடியாகப் பயன்படுத்தலாம். ஆக, காலைக்கும் இரவுக்கும் ஒரே முகக் கிரீம் என்றால், வாங்க வேண்டியவை சன்ஸ்கிரீனையும் பெட்ரோலியம் ஜெல்லியையும் சேர்க்காமல் மூன்று: முகக் கிரீம், சோப்பல்லாத கட்டி, யூரியா லோஷன். செராமைடு, கிளிசரின், நியாசினமைடு மூன்றும் ஒரே கிரீமில் சேர்ந்து வருவதும் உண்டு. அப்படிக் கிடைத்தால் காலைக்கும் இரவுக்கும் அது ஒன்றே போதும்.

கடையில் இழுக்கும்போது முகத்தில் தண்ணீரைத் தெளித்து அப்படியே காயவிடாதீர்கள், காயும்போது இழுப்பு கூடும். ஈரக் கையால் அதே லோஷனைச் சிறிதளவு எடுத்து ஒற்றினால் போதும். உங்கள் இருக்கை ஏ.சி. காற்று நேராக முகத்தில் படும் இடத்தில் இருந்தால், அதை மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் குடிப்பதைப் பொறுத்தவரை, உடம்புக்குத் தேவையான அளவு குறையக் கூடாது, சித்திரை வெயிலில் நிச்சயமாகக் குறையக் கூடாது. ஆனால் தேவைக்கு மேல் குடிக்கும் தண்ணீர் மேல்தோலின் வெளி அடுக்குக்குப் போய்ச் சேர்வதில்லை, அரண் பழுதாக இருந்தால் அங்குள்ள நீரும் தங்குவதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதலில் கழுவும் முறையை மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து முகக் கிரீமைத் தாடை ஓரத்தில் இரண்டு மூன்று நாள் பூசிப் பார்த்து, சிவப்போ அரிப்போ இல்லையென்றால் முகம் முழுவதும் பூசுங்கள். கிளைகாலிக் அமிலம், ரெட்டினால், வைட்டமின் சி போன்றவை வீட்டில் இருந்தால், கழுவிய பிறகு முகம் இழுக்காத நிலை வரும்வரை அவற்றை எடுத்து வைத்துவிடுங்கள். மேல்தோல் முழுவதும் புதிதாக மாறுவதற்கே ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பதால், அதற்குள் ஒரு பொருளை வாங்கி, பலனில்லை என்று தள்ளி, அடுத்ததை வாங்க வேண்டாம்.